எஸ்தர் மேடம் வெட்டிப்போட்ட நாப்பத்தியோரு டை

ஏனுங்க, அந்தப் பையைச் சித்த இப்படித் தள்ளி வெச்சுக்குங்க, ஏறுறவன் எறங்கறவனெல்லாம் மிதிச்சுட்டுப் போறான். ஜிப்பு போயிருச்சாக்கும்? அதுக்குக் கேபிள் டையைப் போட்டு இறுக்கியிருக்கீங்க. நல்லதுங்க, பைக்குத்தானே, தாராளமாப் போடலாம். நான் குத்தஞ் சொல்லலை. ஆனா அந்த வாலை இவ்வளவு நீளத்துக்கு உட்டுருக்கீங்க பாருங்க, அதுதான் கண்ணை உறுத்துது. ஒட்ட நறுக்கியிருந்தா எத்தனை லட்சணமா இருக்கும்!

எனக்கு அந்தப் பழக்கமுங்க. தொங்குற வொயரைப் பாத்தாக் கை சும்மா இருக்காது. கல்யாண மண்டபத்துக்குப் போனாக்கூட மைக் வொயர் எப்படிப் போகுதுன்னுதான் முதல்ல பாப்பேன். எங்க ஊட்டுக்காரி தலையில அடிச்சுக்குவா. இப்பக் கேமரா மாட்டுற தொழிலுங்க, கடைக்கும் ஊட்டுக்கும். ஆனா போன வருசம் வரைக்கும் நான் பிளேன் மெக்கானிக்கு. பாத்தீங்களா, சிரிக்கறீங்க. உடுமலையில ஏதுடா பிளேனுன்னுதானே?

இருக்குங்க. ஊரைத் தாண்டி, காத்தாலை நிக்குதே, அதுகளுக்கு நடுவுல ஒரு பழைய ரன்வே. பிளேன் ஓட்டக் கத்துக்குடுக்கற பள்ளிக்கூடம். பேரு வேண்டாமுங்க, அவங்களும் பொழைக்கோணுமே. மூணு சின்னப் பிளேன், ரெண்டு ரெண்டு பேர் உக்கார்ற வண்டி, மூக்குல ஒரே ஒரு என்ஜின். இருபத்திரெண்டு வருசம் அதுகளைக் கழட்டி மாட்டினது இந்தக் கைதான். நாச்சிமுத்துன்னு கேட்டுப் பாருங்க, அங்க நாய்க்குட்டிக்கும் தெரியும்.

என் வேலை எப்படீன்னா, என்ஜின் மூடியைத் தொறந்தா உள்ள ஒரு வொயர் தொங்காது. ஒண்ணு, ஒரே ஒண்ணு தொங்காது. என்ஜினைத் தாங்கிப் புடிக்க இரும்புக் குழாய்ல ஒரு சட்டம் இருக்கும், அந்தக் குழாயோட சேத்து வெள்ளை டை, நாலு விரக்கடைக்கு ஒண்ணு, பிளையர்ல புடிச்சு இறுக்கி, வாலை ஒட்ட நறுக்கி! கேப்டன் ரகுநாத்துன்னு அங்க தலைமை வாத்தியாரு. பெரிய மனுசங்க யாராச்சும் பாக்க வந்தா, "முத்து, அந்த மூடியைத் தொறந்து காட்டப்பா"ம்பாரு. மத்ததெல்லாம் அப்புறந்தான். வந்தவங்க ஃபோட்டோ எடுத்துட்டுப் போவாங்க.

அப்படி இருக்கறப்பத்தான் எஸ்தர் மேடம் வந்தாங்க.

நாகர்கோயில்காரப் புள்ளைங்க. முப்பத்திரெண்டு வயசு இருக்கும். லைசன்ஸ் வெச்சிருக்கற இன்ஜினியரு. சட்டம் என்னன்னா, நான் வேலை செஞ்சாலும் அவங்க பாத்துக் கையெழுத்துப் போட்டாத்தான் வண்டி மேல ஏறலாம். வந்த மூணாம் நாள் ரெண்டாம் நம்பர் வண்டியோட மூடியைத் தொறந்தாங்க. நான் பக்கத்துலயே நின்னேன். ஆகான்னு சொல்லப் போறாங்கன்னு நெனச்சுட்டு நிக்கறேன், வெக்கங்கெட்டவனாட்ட. அவங்க பாத்தாங்க, பாத்துட்டே இருந்தாங்க. பொறவு, "அண்ணே, கட்டர் இருக்கா?"ன்னாங்க. நானே எடுத்துக் குடுத்தேன் பாருங்க!

டக், டக், டக்குன்னு வெட்ட ஆரம்பிச்சுட்டாங்க. அத்தனை டையும். பிளேன் ஓட்டப் படிக்கற புள்ளைக ஏழெட்டுப் பேர் சுத்தி நிக்குதுக. கேப்டனும் வேடிக்கை பாத்துட்டு நிக்கறாரு. கீழ விழுந்ததை நான் பொறுக்கி எண்ணினேன். நாப்பத்தியொண்ணு. ஒரு மனுசனைக் கூப்புட்டு நடு ரோட்டுல நாலு அறை அறைஞ்சிருந்தாக்கூட எனக்கு அவ்வளவு வலிச்சிருக்காதுங்க. சத்தியமாச் சொல்றேன்.

வெட்டிட்டு என்னைக் குனியச் சொல்லி டார்ச் அடிச்சுக் காட்டினாங்க. டை இருந்த இடத்துல குழாய்ல ஒரு கோடு. "பாருங்கண்ணே. டைக்கு அடியில மண்ணு போயிருது. என்ஜின் நடுங்க நடுங்க அந்த மண்ணு இரும்பை ராவுது. இந்தக் குழாய்தான் என்ஜினைத் தாங்குது. இது ஒருநா ஒடிஞ்சா என்ன ஆகும்?" நானும் பாத்தேன். மயிரிழைக் கோடுங்க. நகத்தை வெச்சு இழுத்தா நகம் மாட்டும், அவ்வளவுதான். இருபத்திரெண்டு வருசத்துல என் டையால எந்தப் பிளேன் விழுந்துச்சு? கேட்டேன். அதுக்கு அவங்க, "விழுந்த பொறவு கேக்க முடியாதுல்லா"ன்னாங்க.

அதுக்கப்புறம் புதுச் சட்டமுங்க. என்ஜின் மூடிக்குள்ள பிளாஸ்டிக் டையே ஆகாது, சைலன்சர் குழாய்ச் சூட்டுக்கு இளகிப்போகுமாம். வொயர்க் கட்டை மெழுகு நூல்ல கட்டோணும். குழாயோட சேக்கற இடத்துல உள்ள ரப்பர் வெச்ச கிளாம்பு போடோணும். த்ராட்டில் கேபிளுக்குப் பக்கத்துல எதையுமே கட்டக் கூடாது. த்ராட்டில்னா நம்ம வண்டி ஆக்ஸிலரேட்டராட்டந்தான். உள்ள ஓட்டறவங்க ஒரு குமிழைத் தள்ளினா, ஒரு கேபிள் போயி கார்புரேட்டர்ல இருக்கற சின்னக் கையை ஆட்டும். தள்ளினா வேகம், இழுத்தாக் கொறையும்.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கலாமுங்க. கடைசியா ஒண்ணு சொன்னாங்க பாருங்க. வொயரைத் தொய்வா உடோணுமாம்! "என்ஜின் ரப்பர் மேல உக்காந்திருக்கு அண்ணே, அது ஆடும். சட்டம் ஆடாது. ரெண்டுக்கும் நடுவுல போற வொயருக்கு இடம் உடணும், இல்லைன்னா இழுத்து அறுந்துரும்"னு சொல்லி, ஒரு விரலை உட்டுக் காட்டி, இவ்வளவு தொங்கட்டும்ன்னாங்க. தொங்கட்டுமாம். என்கிட்டச் சொல்றாங்க. நாச்சிமுத்துகிட்ட!

சரின்னு செஞ்சேன். மூணு நாளு. கிளாம்பு, மெழுகு நூலு, எல்லாம் அவங்க சொன்னாப்புலயே. வேலையில நான் குத்தம் வெக்க மாட்டேனுங்க. நாலாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து பாத்தாங்க. ஒவ்வொரு கிளாம்பையும் அசைச்சாங்க. உள்ள என்னை உக்கார வெச்சு த்ராட்டிலைத் தள்ளச் சொல்லி இழுக்கச் சொல்லி, முன்னால நின்னு அந்தச் சின்னக் கை ஆடறதைப் பாத்தாங்க. பட்டாட்டப் போச்சு, வந்துச்சு. "நல்லா வந்திருக்குண்ணே"ன்னு சொல்லிக் கையெழுத்தும் போட்டுட்டாங்க. "மூடிருங்க"ன்னுட்டு ஆபீசுக்குப் போயிட்டாங்க.

நான் மூடியை எடுத்துட்டு வந்தேன். வெச்சுப் பாத்தா, இடது பக்கத்துல கார்புரேட்டருக்குப் பக்கத்துல, அந்த வொயர்க் கட்டு ஒண்ணு தொங்கிட்டு நிக்குது. இந்தா, இவ்வளவுதான் இருக்கும். தொங்குறதுன்னா அசிங்கமா. நாளைக்கு எவனாச்சும் மூடியைத் தொறந்தா யார் வேலைன்னு கேப்பான்? நாச்சிமுத்து வேலைன்னுதானே சொல்லுவான், எஸ்தர் மேடம்னா சொல்லுவான்? மூடியை வெச்சேன், எடுத்தேன். திருப்பி வெச்சேன். ஒரு திருகைக் கூட முறுக்கிட்டேன், பாத்துக்குங்க. மனசு கேக்கலை. திருகைக் கழட்டிட்டு, சட்டைப் பையில ஒரு டை கெடந்துச்சு, எடுத்தேன். அந்தக் கட்டைச் சித்த மேல தூக்கி அங்கிருந்த கிளாம்போட சேத்து ஒண்ணு போட்டேன். ஒண்ணே ஒண்ணு. வாலை ஒட்ட நறுக்கினேன். அடடா, அப்பப் பாக்கறதுக்கு எப்படி இருந்துச்சுங்கறீங்க!

மூடிட்டு ஊட்டுக்குப் போயி வயிறு நெறையச் சாப்புட்டுத் தூங்குனேன்.

ஜன்னலைச் சித்தச் சாத்துங்க, காத்து மண்ணை வாரி அடிக்குது. இந்த ஆடிக்காத்து இருக்குதே, இதுதானுங்க அன்னைக்கும் கெடுத்துச்சு.

மக்யாநாள் காலையில ஏழரைக்கு அந்த வண்டியை எடுத்துட்டுப் போனது கனிஷ்கான்னு ஒரு புள்ளை. தாராபுரத்துப் புள்ளைங்க, அப்பனுக்குப் பாத்திரக் கடை. இருபது வயசு. என்னை அண்ணான்னு கூப்புடும், என் பெரிய பொண்ணுக்கு ஒரு வயசு சின்னது அது, அண்ணாங்கும். பிளேன்ல ஏறறதுக்கு முன்னால மத்ததுகளாட்ட ஃபோன் பாத்துட்டு நிக்காது. என்கிட்ட வந்து, "அண்ணா, வண்டி எப்படி இருக்கு?"ன்னு கேக்கும். நான் "ஜோரா இருக்கு கண்ணு"ன்னாத்தான் ஏறும். அன்னைக்கும் கேட்டுச்சு. அன்னைக்கும் அதேதான் சொன்னேன். வாத்தியாரு கூட இல்லாமத் தனியா ஓட்டறது அதுக்கு அஞ்சாவது தடவை.

ஆடி மாசத்துல இங்க எட்டு மணிக்கு மேல காத்து எந்திரிச்சுரும், பாலக்காட்டுக் கணவாயில இருந்து குறுக்கால அடிக்கும். அதனால காலையில போயி மூணு சுத்து சுத்திட்டு எட்டுக்குள்ள எறங்கிரோணும். அதுதான் கணக்கு.

ஓடுச்சு, ஏறுச்சு. நான் டீ கிளாசோட நிக்கறேன். மேல ஒரு அரை வட்டம் போயிருக்கும், எஸ்தர் மேடம் கையில இருந்த வாக்கி டாக்கியில அந்தப் புள்ளை குரலு. "மேடம், த்ராட்டில் கொறைய மாட்டேங்குது. கொஞ்சம் வருது, அப்புறம் நின்னுருது."

டீயைக் கீழ வெச்சேன்.

கேப்டன் ஓடியாந்தாரு. வாக்கி டாக்கியை வாங்கி, "கனிஷ்கா, பதறாத. உசரத்தைக் கொறைக்காம வட்டம் போட்டுட்டே இரு"ன்னுட்டு மேடம்கிட்டயே திருப்பிக் குடுத்தாரு. இங்க பாருங்க, பிளேன் எறங்கோணும்னா வேகத்தைக் கொறைச்சாகோணும். என்ஜின் முக்கால் வேகத்துல அலறிட்டு இருந்தா எறங்கவே முடியாது, ரன்வே முடிஞ்சு அக்கட்டால காத்தாலையில போய்த்தான் நிக்கும். மேல இருக்கற வரைக்கும் பயமில்லை, பெட்ரோல் கெடக்குது. ஆனா மணி எட்டாகப் போகுது.

எஸ்தர் மேடம் கேப்டன்கிட்டச் சொல்றாங்க, நான் கேட்டுட்டேதான் நிக்கறேன். "சார், ரெண்டுல ஒண்ணுதான். கேபிள் உள்ளேயே நைஞ்சு சிக்கியிருக்கலாம். அப்படின்னா வெடுக்குன்னு இழுக்கக் கூடாது, அறுந்துரும், அறுந்தா என்ஜின் நிக்குமா அலறுமான்னு யாருக்கும் தெரியாது. இல்லைன்னா வெளிய ஏதாவது அந்தக் கையைத் தடுக்கணும். அப்படின்னா வெடுக்குன்னு இழுத்தாத்தான் வரும். எதுன்னு தெரியாம அந்தப் புள்ளைக்கு எதையும் சொல்ல முடியாது." சொல்லிட்டு என் பக்கம் திரும்பினாங்க. வாக்கி டாக்கி பட்டனை அமுக்கிப் புடிச்சாப்புலயே திரும்பிட்டாங்க, அது அப்ப எனக்குத் தெரியாது. "நாச்சிமுத்தண்ணே, நான் கையெழுத்துப் போட்ட பொறவு உள்ள ஏதாவது தொட்டீங்களா?"

"இல்லீங்க மேடம்."

வாயில வந்துருச்சுங்க. நான் யோசிக்கவே இல்லை, அதுவா வந்துருச்சு. அந்தப் புள்ளைக ஏழெட்டும் அன்னைக்காட்டவே சுத்தி நிக்குதுக. நாப்பத்தியொண்ணை வெட்டினதைப் பாத்ததுக. நாப்பத்திரெண்டாவது ஒண்ணு இருக்குதுன்னு அதுக முன்னால எப்படிங்க சொல்றது? நீங்களா இருந்தாச் சொல்லுவீங்களா?

அப்ப மேல இருந்து அதுவே பேசுது. "அப்போ நான்தான் ஏதோ தப்பாப் பண்ணிட்டேன் மேடம். ஸாரி மேடம்."

கேட்டுருக்குது, பாருங்க. என் குரலை மேல கேட்டுருக்குது.

எஸ்தர் மேடம் வாக்கி டாக்கியைக் கேப்டன்கிட்டக் குடுத்துட்டு என்கிட்ட வந்தாங்க. இவ்வளவு பக்கத்துல. மெதுவாக் கேக்கறாங்க. "அண்ணே, நான் ஒரு வார்த்தை திட்ட மாட்டேன். எதுவா இருந்தாலும் சொல்லிருங்க." நான் அவங்க மூஞ்சியைப் பாக்கலை. ரன்வே ஓரத்துல கம்பத்துல ஒரு துணிப்பை கட்டியிருக்கும், காத்து எந்தப் பக்கமுன்னு காட்டறதுக்கு. அதைப் பாத்துட்டு நின்னேன். பாதிக்குத் தொங்கிட்டு இருந்துச்சு. "ஒண்ணுமில்லீங்க மேடம், நீங்க பாத்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியேதான்"ன்னேன்.

நான் பொய் சொல்லோணும்னு சொல்லலைங்க. எனக்கே உறுதியாத் தெரியாதே, அந்த டைதான் தடுக்குதுன்னு. யோசிச்சேன். ஒரு டை, அதுவும் ஒட்ட நறுக்கினது, அது எப்படித் தடுக்கும்? வொயர்க் கட்டை மேல தூக்கிக் கட்டினேனே, என்ஜின் முழு வேகத்துல ஒரு பக்கமா முறுக்கும், அப்ப அந்தக் கட்டு போயி கையோட பின்னால உக்காந்திருக்குமோ? உக்காந்தா நான் கட்டின டை அதைத் திரும்பி வர உடாது. இதெல்லாம் மனசுல ஓட்டிப் பாக்க நேரம் ஆகுமா ஆகாதா? ஒரு நாலு நிமிசம் ஆச்சு. நாலே நிமிசம். எதையும் தீர யோசிச்சுச் சொல்றவன் நானு.

பிளேன் சத்தம் தலைக்கு மேல வருது, போகுது. வருது, போகுது. அந்தத் துணிப்பை கொஞ்சங் கொஞ்சமா எந்திரிச்சு நேரா நீட்டிட்டு நின்னுருச்சு.

கேப்டன் வேர்த்துப்போயிட்டாரு. "இனியும் தாமசிச்சாக் காத்துல எறக்கவே முடியாது. ரன்வேக்கு நேரா வரச் சொல்லி என்ஜினை நிறுத்தச் சொல்றேன்"ன்னாரு. நிறுத்தினாப் பிளேன் மெதந்து எறங்கும், எறங்கலாம். ஆனா ஒரே தடவைதான். தப்புச்சுன்னாத் திருப்பி ஏற முடியாது. அஞ்சாவது தடவை தனியா ஓட்டற புள்ளைங்க அது. கேப்டன் சொன்னதைக் கேட்டுட்டு, அது கேக்குது, "நிறுத்தினா மறுபடி ஸ்டார்ட் ஆகுமா கேப்டன்?" அவரு பட்டனை அமுக்கினாரு, உட்டுட்டாரு. அது திருப்பி, "ஸாரி கேப்டன், சும்மாத்தான் கேட்டேன். நிறுத்தறேன்"ங்குது.

நான் கேப்டன்கிட்ட ஓடுனேன். "நிறுத்த வேண்டாம்னு சொல்லுங்க!"ன்னு கத்திட்டேன். "மேடம், ஒரு டை போட்டேனுங்க. ஒண்ணே ஒண்ணு. கார்புரேட்டர்கிட்ட. இடது பக்கம். பிளாஸ்டிக்கு."

எல்லாரும் என்னைப் பாக்கறாங்க. எஸ்தர் மேடம் திட்டலை. என்னைப் பாக்கக்கூட இல்லை. வாக்கி டாக்கியைப் புடுங்கி, "கனிஷ்கா, நிறுத்தாதே. கேபிள் நல்லாருக்கு. வெளிய ஒரு டை தடுக்குது, அவ்வளவுதான். முழுசா முன்னால தள்ளு. தள்ளிட்டு, பலங்கொண்ட மட்டும் வெடுக்குன்னு இழு"ன்னாங்க.

என்ஜின் அலறுச்சு. அமந்துச்சு. பழையபடி அலறுச்சு.

"வரலை மேடம். ஸாரி."

"ஸாரி சொல்லாத மக்களே, இழு!"

மூணு தடவை. நான் எங்க குலதெய்வத்துல இருந்து பேரு தெரிஞ்ச சாமியை எல்லாம் கூப்புட்டேன். நாலாவது தடவை, மேல அந்தச் சத்தம் அப்படியே தணிஞ்சுச்சு. தணிஞ்சு தணிஞ்சு, ஊட்டு மிக்ஸியை நிறுத்தினாப்புல. "வந்துருச்சு! மேடம், வந்துருச்சு!"ங்குது அது. கேப்டன் தரையில உக்காந்துட்டாரு.

பாத்தீங்களா? நான் சொன்னதாலதானே பொழைச்சுது? நான் சொல்லாம இருந்திருந்தா? அதை ஒருத்தராவது நெனச்சுப் பாத்தாங்களா?

எறங்கறப்ப ஒரு கோளாறு. அதுக்கு நான் பொறுப்பில்லைங்க, அது காத்து. குறுக்கால ஒரு அடி அடிச்சுது பாருங்க, சக்கரம் தரையில பட்ட வண்டியைத் தூக்கிப் புல்லுக்குள்ள போட்டுருச்சு. மூக்குச் சக்கரம் மடங்கி, புரொப்பல்லர் மண்ணைத் தோண்டி நின்னுது. ஓடுனோம். நான்தான் முதல்ல போனேன், இந்த வயசுல. கதவைத் தொறந்துட்டு அதுவா எறங்கி வருது. புருவத்துக்கு மேல கிழிஞ்சு ரத்தம் கன்னத்துல வழியுது. என்னைப் பாத்ததும், "அண்ணா, ஸாரிண்ணா. உங்க வண்டியை உடைச்சுட்டேன்"ன்னுச்சு.

டை யாரு போட்டதுன்னு அதுக்குத் தெரியாதுங்களே. எஸ்தர் மேடம் என் பேரைச் சொல்லலையே.

நான் என்ன சொன்னேன்னா, "பரவாயில்லை கண்ணு, உடு"ன்னேன். தோளைத் தட்டிக்குடுத்தேன். "யாரா இருந்தாலும் தப்பு வரத்தான் செய்யும்"ன்னேன். ஆமாங்க, சொன்னேன். அந்த நேரத்துல வேற என்ன சொல்றது?

பதினஞ்சு நாள் கழிச்சு விசாரணைக்கு ஒரு ஆபீசர் வந்தாரு. கேப்டன் ரூமுல எல்லாரையும் உக்கார வெச்சாங்க. கனிஷ்காவும் வந்திருந்துச்சு, அவங்கப்பனோட. புருவத்துல ஏழு தையல். எஸ்தர் மேடம் எழுதிக் குடுத்திருந்ததைப் படிச்சாங்க. "மூடி மூடற வரைக்கும் நான் கூட நின்னிருக்க வேண்டும், நிற்கவில்லை, அது என் தவறு"ன்னு தன் பேர்லயும் எழுதி வெச்சிருக்காங்க! நாலு மாசம் கையெழுத்துப் போடக் கூடாதுன்னு அவங்க லைசன்ஸை நிறுத்தி வெச்சுட்டாங்க. யாரு எழுதச் சொன்னா? என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா அதெல்லாம் வேண்டாம்னு சொல்லியிருப்பேன். அந்தக் குழாயும் அங்க மேசை மேல இருந்துச்சு, நான் மயிரிழைக் கோடுன்னு சொன்னேனே, அப்பவே மேடம் வேற குழாய் மாத்தச் சொல்லிக் கழட்டினது, அதைக் குறுக்கால அறுத்து வெச்சிருந்தாங்க. பாதிக்கு மேல தேஞ்சிருந்துச்சாம். நான் எட்டிப் பாக்கலை. எதுக்கு?

அப்புறம் அந்த ரெக்கார்டைப் போட்டாங்க. வாக்கி டாக்கியில பேசறதெல்லாம் ஆபீஸ்ல பதிவாகுமாம், இருபத்திரெண்டு வருசத்துல எனக்கு அது தெரியாதுங்க. போட்டாங்க. எஸ்தர் மேடம் கேக்கறது, நான் இல்லீங்கன்னு சொல்றது. என் குரலு அப்படியா இருக்குது? சாதாரணமாச் சொல்றேனுங்க, மணி என்னன்னு கேட்டாச் சொல்றாப்புல. அதுல இருந்து மேடம் நிறுத்தாதேன்னு சொல்ற வரைக்கும் அந்த ஆபீசர் வாச்சைப் பாத்துட்டே இருந்தாரு. பதினாலு நிமிசம்ன்னாரு. பதினாலு! நாலுங்க. நான் அங்க நின்னவனாச்சே, எனக்குத் தெரியாதா? அவரு எழுதிட்டாரு.

அந்தப் பதினாலு நிமிசமும் அது பேசுது. வேற ஒண்ணுமில்லை, அப்பப்ப ஒரு வார்த்தை. "ஸாரி மேடம், நான் ஏறும்போது ரொம்ப வேகமாத் தள்ளிட்டேனோ?" கொஞ்ச நேரங்கழிச்சு, "ஸாரி கேப்டன், செக் பண்றப்ப எதையோ விட்டுட்டேன் போல." என்ன தப்புப் பண்ணினோமுன்னு தேடிட்டே சுத்தியிருக்குதுங்க மேல. நான் கீழ துணிப்பையைப் பாத்துட்டு நின்னப்ப. ஃபேன் ஓடற சத்தமும் அது ஸாரி சொல்றதும்தான் அந்த ரூமுல. வெளிய போயிரலாம்னு பாதி எந்திரிச்சேன், மறுபடி உக்காந்துட்டேன்.

முடிஞ்சதும் ஆபீசர் அதுகிட்டக் கேட்டாரு, "நீ ஏதாவது சொல்லணுமாம்மா?"ன்னு. அவங்கப்பன் என்னை எரிச்சுருவானாட்டப் பாக்கறான். ரெண்டு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தாலும் வாங்கிட்டுப் போயிருப்பேனுங்க. அது என்னைப் பாக்கலை. மெதுவாத்தான் சொல்லுச்சு. "ஒண்ணுமில்லை சார். அன்னைக்கு எறங்கினதும் நான் அவர்கிட்ட ஒரு ஸாரி சொன்னேன். அதை மட்டும் திரும்ப வாங்கிக்கறேன்."

அவர்ன்னுச்சுங்க. அண்ணான்னு சொல்லலை.

அவ்வளவுதான். எந்திரிச்சுப் போயிருச்சு. என்னை ஸ்டோருக்கு மாத்தினாங்க, நான் வேலையே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். நீங்களே சொல்லுங்க, சொன்ன ஸாரியைத் திருப்பிக் கேக்கற நாயம் எங்கயாச்சும் உண்டா? அதுவும் பெத்த பொண்ணு வயசுப் புள்ளை. கேட்டா எப்படிங்க திருப்பிக் குடுக்கறது? சட்டைப் பையில இருந்து எடுத்துக் குடுக்கற சாமானா அது? ஒரு வருசம் ஆச்சு, ராத்திரி படுத்தாக் கண்ணு மூடறதுக்குள்ள அது வந்து நிக்குது, உங்க வண்டியை உடைச்சுட்டேண்ணாங்குது. நான் தோளைத் தட்டிக்குடுக்கறேன். அந்தத் தோளைத் தட்டினேனே, அந்தக் கையை என்னதாங்க பண்றது?

தாராபுரத்துல எனக்கு ஒறம்பரை, சொந்தக்காரங்கன்னு யாருமில்லை, வேலையும் இல்லைங்க. இதோட மூணாவது தடவை வர்றேன். போன ரெண்டு தடவையும் அந்தப் பாத்திரக் கடை இருக்கற வீதி முனை வரைக்கும் போயிட்டு, டீ குடிச்சுட்டு இதே பஸ்ஸுல திரும்பிட்டேன். வெளிய ஒரு அண்டா தொங்கும், உள்ள கல்லாவுல அவங்கப்பன் இருப்பான். அந்தப் புள்ளை இருக்குதோ இல்லையோ. இருந்தாலும் நான் போயி என்ன சொல்றது? தப்பு என்னோடதுன்னு வாயைத் தொறந்து சொல்லிட்டா, அப்புறம் சொன்னது சொன்னதுதானே.

இந்தா, பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. எறங்குங்க, நீங்க எறங்குங்க. நான் இப்படியே உக்காந்து திரும்பிப் போயிக்கறேன், கண்டக்டருக்கு என்னைத் தெரியும்.

ஏனுங்க, சித்த நில்லுங்க. அந்தப் பையை இந்தப் பக்கம் எடுங்க, கால் வெக்க இடமில்லை. நானும் எறங்கோணும்.